நான் எழுதாத மூன்று வரிகள்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். போன ஆகஸ்டில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது இது.

சிதம்பரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறேன். இரண்டு ரசாயனங்கள் கலந்தால் எவ்வளவு வெப்பம் வெளியாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. வினைக்கு முன் உள்ள மூலக்கூறுகளுக்கு ஒரு ஃபைல், பின் உண்டாவதற்கு ஒரு ஃபைல். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை. கேட்க எளிதுதான். செய்து பாருங்கள், தலைமுடி கொட்டிவிடும்.

கடலூரில் ஒரு ரசாயன ஆலை. இரண்டு ரசாயனங்களைக் கலக்கும் புது டேங்கை ஓட்டலாமா என்று எங்கள் சாரிடம் கேட்டிருந்தார்கள். வெப்பம் பத்து கிலோ கலோரிக்குள் வந்தால் செவ்வாயன்று ஓட்டுவார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்குள் விடை வேண்டும் என்று சார் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் விடை ஆறு கிலோ கலோரி என்று வந்தது. சரிபார்க்க இன்னொரு முறை ஓட்டினேன்.

பகல் 1.40. லேபில் நான் மட்டும். இந்த முறை நாற்பத்தொன்று. ஃபைல்களைத் திறந்தேன். இரண்டிலும் நான் எழுதாத மூன்று வரிகள். வரிக்கு ஓர் அணு: ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். முதல் ஃபைலில் தனியாக, இரண்டாவதில் மற்ற மூலக்கூறோடு வினைபுரிந்து.

தண்ணீர்.

எரிச்சலோடு அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

2.25. மறுபடியும் நாற்பத்தொன்று. அதே வரிகள். தலைப்பு வரியில் ஒரு பெயர் வேறு... பழனிவேல்.

கூடப் படிக்கும் இலக்கியாவுக்குப் போன் போட்டேன்.

"என் ஃபைல்ல ஏன்டி கை வைக்கிற?"

"நா கடலூர் முதுநகர்ல வீட்ல இருக்கேன்டி. உன் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாது."

அழித்தேன். நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிப் போட்டேன்.

3.10. சொட்... சொட்...

அந்த அறையில் குழாயே கிடையாது.

கீபோர்டு நனைந்திருந்தது. தொட்டேன். சுட்டது.

திரையில்... அதே மூன்று வரிகள்.

பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. "என் உயிர எடுக்காத, போய்த் தொலை," என்று காலி அறையில் கத்தினேன்.

சொட்டு நின்றது.

காலையில் வந்த ஆறையே போனிலிருந்து அனுப்பினேன். மணி 3.52.

செவ்வாய்க்கிழமை டேங்க் வெடித்தது. குளிர்விக்கும் குழாயில் ஊசித் துளை. உள்ளே தண்ணீர் கசிந்திருக்கிறது. இறந்தது ஒரே ஆள். பெயரைப் பேப்பரில் படித்தேன்.

பழனிவேல்.

மனசு கேட்காமல் திருவந்திபுரத்தில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மனைவி சந்திரலேகா சுவரில் சாய்ந்திருந்தார்.

"திங்கக்கிழமதாம்மா அங்க வேலைக்கே சேந்தாரு," என்றார். "சனிக்கிழம மத்தியானம் படுத்திருந்தவரு தண்ணி, தண்ணின்னு பெனாத்தினாரு. சொம்புல மோந்து குடுத்தேன், வேணான்னுட்டாரு. அப்புறம் திடுக்குன்னு எழுந்து உக்காந்தாரு. யாரோ ஒரு பொண்ணு போய்த் தொலைன்னு தொரத்துதுன்னாரு."