ஸ்லவோனியாவுக்குப் பச்சை

தொண்ணூற்றொன்றில், கனடாவுக்கு வந்த அடுத்த வருடம், வெக்ஸ்போர்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் படங்களும் பட்டமளிப்புச் சான்றிதழ்களும்தான் கடையின் வருமானம். முதலாளியின் மனம் கிடந்தது பழைய நிலப்படங்களில். அவர் டல்மேஷியக் கரையில் பிறந்த குரோஷியர். பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட தம் நாட்டுப் படம் ஒன்றைப் பிரதியெடுத்து விற்று வந்தார்.

அந்தக் காலத்தில் படம் கறுப்பு மையில் மட்டும் அச்சாகும். எல்லைகளுக்குக் கையால் நிறம் தீட்டுவார்கள். எங்கள் கடையில் அந்த வேலையைச் செய்தவர் முதலாளியின் மனைவி. ஸ்லவோனியாவில் பிறந்த சேர்பியப் பெண். ஸ்லவோனியாவுக்குப் பச்சை, குரோஷியாவுக்கு மஞ்சள், கடலோரம் நீண்டு கிடக்கும் டல்மேஷியாவுக்கு இளஞ்சிவப்பு. ஏன் மூன்று நிறம் என்று கேட்டேன். அப்போது ஒன்றைத் துருக்கியரும் ஒன்றை ஆஸ்திரிய அரசரும் ஒன்றை வெனிஸ்காரரும் பிடித்து வைத்திருந்தார்கள் என்றார். படம் கீறியவன் அந்தப் பக்கமே போனதில்லையாம். யாரோ கீறியதைப் பார்த்துக் கீறினானாம். அதனால் முதலாளியின் மனைவி பிறந்த ஊர் படத்தில் ஆற்றின் மறுகரைக்குப் போயிருந்தது. அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார்.

அந்த இலையுதிர்காலத்தில் ஸ்லவோனியாவில் சண்டை மூண்டது. பிறகு கடற்கரை ஊர்களிலும் ஷெல் விழுந்தது. முதலாளியின் அக்கா வீட்டுக் கூரை போய்விட்டது. அடித்தவர்கள் சேர்பியர்கள். சனிக்கிழமைகளில் கோப்பி குடிக்க வரும் அவருடைய நாட்டுக்காரர்கள், அவர் மனைவி கொண்டுவந்து வைத்த கோப்பியைத் தொடாமல் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

ஒருநாள் அவர்களுடைய சங்கத் தலைவர் வந்தார். மண்டபச் சுவருக்கு அந்தப் படம் பெரிதாக வேண்டுமாம். மூன்று பகுதிகளையும் சேர்த்து ஒரே சிவப்புக்கோடு போட வேண்டுமாம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கோடு இல்லை என்று முதலாளியின் மனைவி சொன்னார். தலைவர் அவர் பக்கம் திரும்பவேயில்லை. முதலாளியைப் பார்த்து, “உம்முடைய மனுசியின்ர கை இந்தப் படத்தில படக்கூடாது,” என்றார்.

நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி ஏதாவது சொல்வார் என்று வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சட்டம் எவ்வளவு அகலத்தில் வேண்டும் என்று கேட்டார்.

நிறம் தீட்டும்படி முதலில் என்னைத்தான் கேட்டார். ஏலாது என்றேன். தானே உட்கார்ந்து தீட்டினார். கை பழகாததால் சிவப்பு வழிந்து தீவுகளுக்கிடையில் கடலிலும் இறங்கியது. சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்து மண்டபத்துக்குள் கொண்டுபோனது நான். ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள். கடலில் வழிந்த சிவப்பு யாருடைய கண்ணிலும் படவில்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவையின்ர சண்டைக்குள் நீ ஏன் தலையைப் போடுகிறாய் என்றார்.

“எங்கட ஆக்களும் இதைத்தானே செய்யினம்,” என்றேன். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். எங்கள் மண்டபத்திலும், எங்கள் நாட்டின் வடக்கையும் கிழக்கையும் ஒரே கோட்டுக்குள் அடைத்த ஒரு படம் தொங்கியது. அதைப் பற்றி வீட்டில் பேச முடியாது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த கிழமை முதலாளியின் மனைவி தன் தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றி எடுத்தார். ஹமில்டனில் இருக்கும் தங்கையிடம் போவதாகச் சொன்னார். அவர் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை.

“அந்தாள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் இருந்திருப்பன்,” என்றார்.

கடை பிறகு கனகாலம் ஓடவில்லை. சண்டையெல்லாம் ஓய்ந்து சில வருடங்களுக்குப் பின், லோரன்ஸ் அவெனியூவில் பஸ்ஸுக்கு நின்றபோது முதலாளியைக் கண்டேன். மெலிந்து போயிருந்தார். அவர் தீட்டிய கோட்டுக்குள் இருந்தவை இப்போது ஒரே நாடு. போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போனாராம். அக்கா வீட்டுக்குப் புதுக்கூரை போட்டாயிற்றாம். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“அவ எங்க இருக்கிறா எண்டு உனக்குத் தெரியுமோ?”

தெரியும். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் அவர் மனைவி எனக்கு போன் எடுப்பார். தெரியாது என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அப்படிச் சொன்னதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.