சுண்ணாம்பு சேர்த்த சவர்க்காரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் பலருக்கு அவரை வேதியியல் ஆசிரியையாகத்தான் தெரியும். அதற்கு முந்திய அக்காவை அறிந்தவள், தங்கையான நான் ஒருத்தியே மிஞ்சியிருக்கிறேன்.

அக்கா மலாக்கா காஜா பேராங்கில் பிறந்தவர். அப்பா சாலை போடும் வேலையில் இருந்தார். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களைப் பொருட்படுத்தாமல், அக்காவுக்குப் பழைய ஆங்கில வேதியியல் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கித் தந்தவர் அவர்தான். ஜப்பானியர் வந்ததும் அக்கா படித்த பள்ளி மூடப்பட்டது. அப்போது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அடுத்த ஆண்டு அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். "மூணு மாசத்துல வந்திடுவேன்" என்று சொல்லிப் போனார்.

அந்த வாரமே, ஆங்கிலப் புத்தகம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டார். அக்கா ஓடி வருவதற்குள் எல்லாம் எரிந்துவிட்டது.

"அப்பா வாங்கிக் குடுத்ததும்மா!"

"அவரத்தான் கொண்டுபோயிட்டானுங்க. உன்னையும் கொண்டுபோகணுமா?"

அதன்பின் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "கிழங்கு வெந்திடுச்சான்னு அம்மாகிட்ட கேளு" என்று அக்கா மூன்றடி தள்ளி நின்றபடி என்னை ஏவுவார்.

கடைகளில் சவர்க்காரம் கிடைக்காமல் போயிற்று. அம்மாவின் கைகால் முழுவதும் சிரங்கு. பேசாவிட்டாலும் அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தேங்காய் எண்ணெயையும், சாம்பலைக் கரைத்து வடித்த நீரையும் சேர்த்துக் காய்ச்சினார். மூன்று முறை முயன்றும் எண்ணெய் தனியே மிதந்தது.

"சாம்பத் தண்ணிக்கு வலு பத்தல. இன்னொண்ணு சேர்க்கணும். புத்தகத்துல படிச்சேன், ஞாபகம் வரல" என்று என்னிடம் சொல்லி அழுதார்.

மறுநாள் அம்மா வெற்றிலை போட உட்கார்ந்தார். அவர் விரல் நுனியில் இருந்த சுண்ணாம்பையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த டப்பாவக் குடுங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அக்கா அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. எதற்கென்று அம்மா கேட்கவில்லை. இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்தார்.

சுண்ணாம்பு கலந்து தெளியவைத்த சாம்பல் நீரில் எண்ணெய் காய்ந்து கூழாக இறுகியது. சில வாரம் ஆறவிட்டு, அம்மாவின் துணிகளை அதில் துவைத்தோம். அம்மாவின் கால்களை அக்காவே கழுவிவிட்டார்.

"எரியுதாம்மா?"

"எரிஞ்சா எரியட்டும். நீ கழுவு."

புண்கள் மெல்ல ஆறின.

ஆசிரியையான பிறகு ஒருநாள் எனக்கு விளக்கினார். "அடுப்புல எண்ணெயோட மூலக்கூறுக்குள்ள இருந்த பிணைப்பே அறுந்து, வேற பொருள் உண்டாச்சு. துவைக்கிறப்ப அப்படி இல்ல. சவர்க்காரத்தோட ஒரு முனை தண்ணிகூட ஒட்டும், மறுமுனை எண்ணெய் அழுக்குகூட ஒட்டும். அது வெறும் ஈர்ப்பு. அதுல எதுவும் அறுந்து புதுசாகாது. பிள்ளைங்க இந்த ரெண்டையும்தான் போட்டுக் குழப்பிக்கிறாங்க."

அப்பா திரும்பவேயில்லை. போர் முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அக்கா அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தம்மைவிடச் சிறிய பிள்ளைகளோடு வகுப்பில் அமர்ந்து விட்ட படிப்பை முடித்தார். முதல் நாள் அம்மா பள்ளி வாசல்வரை கூடவே நடந்து போனார். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். அப்பாவுக்குத் திதி கொடுக்க மட்டும் கடைசிவரை அவர் சம்மதிக்கவில்லை.

நோயுற்ற நாட்களில் செமாபோக்கில் இருந்த அக்கா வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனைக்குக் காரில் அழைத்துச் சென்ற பழைய மாணவிகளுக்கும், இறுதிக் கடன்களில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அக்கா புக்கிட் ரம்பாயிலுள்ள என் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார். இந்த ஓராண்டில் ஒரு ஞாயிறுகூட அந்த நேரத்தில் நான் வெளியே போனதில்லை.