எந்த ஃப்ளோரா?

கனடாவில், எங்கள் கேப் பிரெட்டன் தீவில் தெரிந்தவர்களிடம் பெயர் கேட்கக் கூடாது. கேட்டால், "நீ யாரோ, உன் அப்பன் யாரோ" என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பாதி ஊருக்கு மெக்கின்னன் என்று பெயர். ஆகவே பட்டப்பெயர் வைத்துக் காலம் தள்ளுகிறோம். செம்பட்டைத் தலை ரோரிக்குப் பிறந்தவள், கிழவியான பிறகும் செம்பட்டை ரோரி ஃப்ளோராதான். பள்ளிப் பேருந்து ஓட்டும் என் சிநேகிதி போலீஸ் ஃப்ளோரா. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இரண்டு பேருமே ஃப்ளோரா மெக்கின்னன்.

என் ஃப்ளோராவுக்கு அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. ஒருமுறை பல் வீங்கியதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கிவிட்டாள். பென்சிலின். நாக்கு தடித்து, தொண்டை அடைத்து, சமையலறைத் தரையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தாள். அவள் கணவன் நீல் அள்ளிப் போட்டுக்கொண்டு பனியில் வண்டியை விரட்டியிருக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும். இன்னொரு முறை அது உடம்புக்குள் போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு இருமல் மருந்தைக்கூட விசாரிக்காமல் தொடமாட்டாள். இது என்ன? எதற்கு? எனக்குத்தானா? மருந்துக் கடையில் அவள் தலை தெரிந்தாலே, "ஓடுங்கப்பா, போலீஸ் வருது" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு மறுபடி கேட்பாள்.

கடலில் பனிக்கட்டி இன்னும் விலகாத மார்ச் மாதம் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். நீல் வேலைக்குப் போகவேண்டியிருந்ததால் துணைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். மயக்க மருந்து முழுதாகத் தெளியவில்லை. குளிருகிறது என்றதால் கழுத்துவரை போர்த்திவிட்டேன். ஒவ்வாமைக்காக அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையும் போர்வைக்குள் போய்விட்டது.

மத்தியானம் ஷிஃப்ட் மாறியது. பெகி வந்தாள். நர்ஸ், நீலுக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஃப்ளோராவின் கல்யாணத்தில் தோழியாக நின்றவள். எனக்குப் பெகியைப் பிடிக்கும். ஆனால் கைவேலை ஒரு பக்கம் இருக்க, வாய் தன்பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். மருந்துப் பையைக் கொக்கியில் மாட்டினாள், குழாயை ஃப்ளோராவின் கை ஊசியில் இணைத்தாள், மருந்தைத் திறந்துவிடும் சிறு சக்கரத்தில் விரலை வைத்தாள்.

ஃப்ளோரா கண்ணைத் திறந்தாள். "என்னடி அது?"

"ஆன்டிபயாடிக். நீ தூங்கு, கண்ணு."

"அதுக்குப் பேரு இல்லையா?"

"பாத்தியா ஜெஸ்ஸி, வயித்தைக் கிழிச்சுப் போட்டும் விசாரணை ஓயல!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள் பெகி.

"முதல்ல என் பேரைக் கேளு. பொறந்த தேதியையும் கேளு. அப்புறம் திற."

பெகிக்குச் சிரிப்பு போய் முகம் சிவந்தது. "உன் கல்யாணத்துல பூச்செண்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். உன் பேரு எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேளு."

"கேக்க மாட்டேன். நீ என்ன டொராண்டோலேந்து வந்த வெளியூர்க்காரியா? எனக்கு வேற வேலை இல்லையா?"

சக்கரம் அசையப் போனது. ஃப்ளோராவின் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன. மயக்கம் அவளைக் கீழே இழுக்கிறது என்று தெரிந்தது. அவள் தடவித் தடவிக் குழாயைப் பிடித்து, இரண்டாக மடித்து, முஷ்டிக்குள் இறுக்கினாள்.

"ஜெஸ்ஸி, நான் தூங்கிட்டா இதை நீ பிடிச்சுக்க. அவ படிக்கிற வரைக்கும் விடாதே."

அவள் விரல்கள் தளர்வதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். பெகி அதற்குள் சக்கரத்தைத் திறந்துவிட்டிருந்தாள். என் விரல் நழுவினால் மருந்து இறங்கிவிடும்.

"ரெண்டு பேருக்கும் கிறுக்கா? விடு ஜெஸ்ஸி. டாக்டரைக் கூப்பிடவா?"

"கூப்பிடு. இல்லேன்னா அந்தப் பையில எழுதியிருக்கறதைப் படி. படிச்சா உன் வாய் சுளுக்கிக்குமா?" எனக்கும் கோபம் வந்துவிட்டது.

பெகி பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ராகம் போட்டு, வேண்டுமென்றே படித்தாள். "ஃப்ளோரா மெக்கின்னன். போதுமா மகாராணி? பென்சிலின். பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி..."

ராகம் நின்றது. சக்கரத்தை மூடினாள். ஊசியிலிருந்து குழாயைக் கழற்றினாள். போர்வையை விலக்கி, சிவப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது செம்பட்டை ரோரி ஃப்ளோராவோடது. நிமோனியான்னு காலைல சேத்திருக்காங்க. ஷிஃப்ட் முடிஞ்சு போனவ சொன்னா, ஃப்ளோராவுக்கு டிரிப், இன்னொரு ஃப்ளோராவுக்கு வலி ஊசின்னு. எனக்கு ஃப்ளோரான்னா நீதானேடி! அவளுக்கு ஃப்ளோரான்னா பக்கத்து வீட்டு அந்தக் கிழவி."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஃப்ளோராவை முத்தமிடலாம் போலிருந்தது. அவளோ தலையைத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெகி, அப்போ என் வலி ஊசி எங்கே?"

பெகி கட்டிலைவிட்டு எழுந்தாள்.

"யாருக்குடி போட்டே?"

"நர்ஸ் டோனாகிட்ட குடுத்து... கிழவி இருக்கற கடைசி ரூம்ல போட்டுடச் சொல்லி..."

அந்த ஊசி மார்ஃபின். அந்தக் கிழவிக்கு மூச்சே இழுத்துக்கொண்டிருந்தது. அது ஏறினால் உள்ள மூச்சும் அடங்கிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெகி ஓடினாள். பருத்த உடம்பு, வழியில் நின்ற சாப்பாட்டு வண்டியில் மோதித் தட்டுகள் உருண்டன. "டோனா! போடாதே! டோனா!" என்ற கத்தல் நடைவழி முழுதும் கேட்டது. நான் ஃப்ளோராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். தூக்கம் கலைந்து அவள் வாசலையே பார்த்தாள். அழுகுரல் எழுமோ, ஆட்கள் ஓடுவார்களோ என்று காத்திருந்தோம். ஒன்றும் கேட்காததுதான் கொடுமையாக இருந்தது.

கடைசியில் கேட்டது கழிவறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கிழவி அப்போதுதான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். டோனா ஊசியும் கையுமாகக் கட்டிலருகில் காத்துக்கொண்டிருந்தாளாம்.

ஃப்ளோரா கண்ணை மூடினாள். ஓரத்தில் நீர் வழிந்தது. "எனக்கு வாய் இருக்கு ஜெஸ்ஸி, கேட்டேன்" என்றாள். "அந்தக் கிழவி கேட்டிருக்காது. கையை நீட்டியிருக்கும்."

கொஞ்ச நேரத்தில் பெகி புதிதாக ஒரு பென்சிலின் பையை எடுத்து உரியவளிடம் கொண்டுபோனாள். கதவுகள் திறந்தே இருந்தன.

"உங்க பேரு என்ன அத்தை?"

"என்னது?"

"உங்க முழுப் பேரும் பொறந்த தேதியும் சொல்லுங்க."

"அடிப்பாவி!" இருமலுக்கு நடுவில் கிழவியின் குரல் கிறீச்சிட்டது. "நீ பொறந்தப்போ உன்னைக் குளிப்பாட்டினவ நான். என்கிட்டயே பேரு கேக்கறியா? உங்கம்மா கேட்டா நாண்டுக்கிட்டுச் சாவா!"

பெகி விசும்புவது எங்களுக்கே கேட்டது.

"திட்டுங்க அத்தை. நல்லாத் திட்டுங்க. ஆனா பேரைச் சொல்லாம நான் இதைத் திறக்க மாட்டேன்."