ஆணி அடித்த ஜன்னல்

குண்டசாலையில் அரிசிக் கடை வைத்திருக்கும் ஹில்மி ஹாஜியாருக்கு மாறாத பழக்கம் ஒன்று உண்டு. மாலையில் கடைக்குப் பின்னாலுள்ள ஸ்டோருக்குப் போவார். நீண்ட தடியால், கூரை முகட்டின் கீழுள்ள மரஜன்னலைத் தள்ளித் திறப்பார். உத்திரத்திலிருந்து வெண்கூகை ஒன்று இறங்கி வெளியே பறக்கும். அதைப் பார்த்த பிறகே மஃரிப் தொழுகைக்குப் புறப்படுவார். விடியலில் சுபஹ் தொழுது வந்து, கூகை திரும்பியதைக் கண்டபின் ஜன்னலைச் சாத்துவார். பகலில் திறந்து கிடந்தால் குரங்குகள் மூட்டைகளைக் கிழித்துவிடும். அவற்றுக்குப் பயந்து கூரையோரம் முழுவதும் கம்பிவலை அடித்திருந்தார். ஆகவே அந்த ஜன்னலை விட்டால் கூகைக்கு வேறு வழியில்லை.

நீதிக்கதைகளில் பறவைகள் பேசும். இதில் வரும் பறவை ஒரு சொல்லும் பேசவில்லை. ஏனெனில் இது கதையன்று, நடந்தது.

அந்தக் கூகையின் முகம், பாதியாக அரிந்த ஆப்பிளைப் போலிருக்கும். முதுகு உமியின் பொன்னிறம். சிறகடித்தால் சத்தமே கேட்காது. உத்திரத்தில் படிந்த தவிட்டுத் தூள் மட்டும் மெல்ல உதிரும். அது தன் தொப்பியில் விழும்போது ஹாஜியாருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. எலித் தொல்லை குறைகிறது என்பது அவர் பிறருக்குச் சொன்ன காரணம் மட்டுமே. துணைப் பறவை பஸ்ஸில் அடிபட்டு மாண்டபின், அது தனியாகவே குஞ்சுகளுக்கு இரை தேடியது. குஞ்சுகளைப் பற்றி அவர் எவரிடமும் மூச்சு விடவில்லை. சாவுக்குருவி பெருகுகிறது என்று ஊர் கூடிவிடும்.

சென்ற ஆண்டு, புசல்லாவையில் வாழும் மகள் சப்னாவுக்குப் பிரசவம் நெருங்கியது. ஹாஜியாரும் மனைவியும் புறப்பட்டார்கள். தடியை மனைவியின் தம்பி பவாஸிடம் கொடுத்தார்.

"அந்தியில தெற, விடிஞ்சா சாத்து. மறந்துராத."

"கடையையே நம்பித் தாறீங்க, ஒரு ஜன்னல் பெரிசா மச்சான்? ஒங்கட கூகைக்கு டீயும் ஊத்திக் குடுக்கவா?"

மாலைதோறும் ஹாஜியார் போனில் கேட்டார்.

"தெறந்தியா?"

"தெறந்தேன் மச்சான். பறந்து போச்சு."

பேரன் நலமாகப் பிறந்தான். ஒரு வாரம் கழித்து ஹாஜியார் மட்டும் திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே ஸ்டோருக்குப் போய் விளக்கைப் போட்டார். மாலை 6.05. மூலையில் குஞ்சுகள் 'ஷ்ஷ்ஷ்...' என்று இரைந்தன.

ஜன்னல் பக்கமிருந்து வெள்ளையாக ஒன்று வந்தது. கூகை. அலகில் எலி. அவர் தலைக்கு மேலாகக் கடந்து குஞ்சுகளுக்கு ஊட்டியது. பவாஸ் சொல் தவறவில்லை என்று அவர் மனம் குளிர்ந்தது.

பிறகுதான் உறைத்தது... தவிட்டுத் தூள் உதிரவில்லை.

கூகை மீண்டும் எழும்பியது. விளக்கைக் கடந்தது. மூட்டைகளின் மேல் நிழல் விழவில்லை.

ஜன்னல் பக்கம் போனது. இல்லாமற் போனது.

ஜன்னல்... சாத்தியிருந்தது.

தடியால் தள்ளினார்.

டக்...

அசையவில்லை.

போன் வெளிச்சத்தை உயர்த்தினார். நான்கு புது ஆணிகள்.

முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் சட்டென்று அடங்கின.

திரும்பினார்.

உத்திரத்தில் கூகை. சீறவில்லை. மிரட்டவில்லை. நம்பவைத்துக் கைவிட்டவனைப் பார்ப்பது போல் அவரையே பார்த்தது.

அவர் போட்ட சத்தத்தில், அடுத்த வீட்டிலிருந்து பவாஸ் ஓடி வந்தான். அப்போது உத்திரத்தில் எதுவும் இல்லை.

"யார்டா ஆணி அடிச்ச?"

பவாஸ் தலை குனிந்தான். "நீங்க போன அண்டைக்கே... அது வெளிய போன கையோட நான்தான் அடிச்சேன். சாவுக்குருவி, மச்சான். சப்னாட வயித்துல புள்ள ஈக்கக்குள்ள அது கத்துறது எனக்குப் பயமா ஈந்திச்சு."

"அப்ப போன்ல சென்னதெல்லாம்?"

"பொய்."

"இப்ப பார்த்தேன்டா. குஞ்சுகளுக்கு எலி குடுத்திச்சு."

பவாஸின் முகம் வெளுத்தது.

"எப்படி மச்சான்... மூணாம் நாள் விடியக்க அது ஜன்னலுக்கு வெளிய செத்துக் கெடந்திச்சே! நான்தான் ஜம்பு மரத்தடியில குழி தோண்டித் தாட்டேன். அதுக்குப் பொறகு பயத்துல ஸ்டோர் பக்கமே வரல்ல. குஞ்சு ஈக்கிதுன்னு சத்தியமா எனக்குத் தெரியா."

ஹாஜியார் ஏணி வைத்து ஏறினார். மூன்று குஞ்சுகள். மூன்றும் கொழுகொழுவென்று இருந்தன. பக்கத்தில் ஓர் எலி. தொட்டுப் பார்த்தார். சூடு ஆறவில்லை.

இறங்கி வந்தார்.

"அது என்ன நம்பிச்சு. நான் ஒன்ன நம்பினேன்."

பவாஸ் ஏணியில் ஏறி ஆணிகளைப் பிடுங்கினான். ஜன்னலைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, பலகையின் வெளிப்புறத்தில் போன் வெளிச்சத்தைப் பிடித்தான். மேலிருந்து கீழ்வரை நகக்கீறல்கள்... பெயின்ட் உரிந்து, மரம் நார் நாராகக் கிழிந்திருந்தது.

மறுநாளிலிருந்து, குஞ்சுகள் பறக்கும்வரை, பவாஸே இரை கொடுத்தான். எவரும் அவனைக் கேட்கவில்லை. பொறியில் விழுந்த எலிகளோடு மாலைதோறும் ஏணியில் ஏறுவான். குஞ்சுகள் வாய் திறந்து வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒருமுறைகூட அவனைப் பார்த்ததில்லை. மூன்று முகங்களும் அவனுடைய தோளுக்குப் பின்னால் எதையோ அண்ணாந்து பார்த்தபடியே இருக்கும்...

பவாஸ் திரும்ப மாட்டான்.

"மன்னிச்சிரு" என்று, தனக்குப் பின்னால் இருப்பதிடம் மெல்லச் சொல்லிவிட்டு இறங்குவான்.