அப்படியே உட்கார்ந்திருந்தவர்கள்

சாந்தா லூசியா ஊரின் சுகாதார மன்றத்தில் பாதி இருக்கைகள் நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும். சட்டமே அப்படி. டயாலிசிஸ் நோயாளிகளின் சார்பில் வால்தெனோரா உட்கார்ந்திருந்தாள். வயது அறுபத்தொன்று, முன்பு தபால் நிலையத்தில் வேலை, இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஆறு வருடம். எல்லாரும் அவளைத் தோனா நோரா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அந்த மன்றத்தில் என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை.

கூட்டம் மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு டயாலிசிஸ் நாட்கள். கிழமையை மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்று தடவையும் 'கோரிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று கூட்டக் குறிப்பில் ஏறியதோடு சரி. ஆகவே பிழிந்து போட்ட துணி மாதிரி, கையில் கட்டோடு வந்து உட்காருவாள். உடனே சின்னக் கப்பில் காப்பி வரும். நாள் முழுவதற்கும் ஒன்றரை டம்ளர் தண்ணீர்தான் அவளுக்கு அளவு. அவள் கப்பைத் தள்ளிவைப்பதை ஒருவர்கூடக் கவனித்ததில்லை.

அந்த ஏப்ரலில் ஆண்டறிக்கை, கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமாக அவள் போனுக்கு வந்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: நோயாளிகளின் வேன் இனி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகாது. எழுதினவனுக்கு அது வெறும் டீசல் கணக்கு. அவளுக்கு எஸ்பெதிட்டோவின் முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

ஆறு வருடமாக வேனில் பக்கத்து சீட்டுக்காரர் எஸ்பெதிட்டோ. சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தாயிற்று. வீடு பக்குரி குடியிருப்பில், நெடுஞ்சாலையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் மண் ரோடு. செவ்வாய்க் காலை வேனில் அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"எங்களுக்காகப் பேசத்தானே உன்னை அங்க உட்கார வெச்சிருக்கோம், நோரா. பேசிட்டு வா. காப்பி குடுத்தா மட்டும் என் பங்கையும் சேத்துக் குடிச்சிராத."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பேச வேண்டியதை எழுதிக்கொண்டு போனாள். வேன் விஷயம் வரும்போது பேசலாம் என்று காத்திருந்தாள். அங்கேதான் தப்பு செய்தாள். வேன் விஷயம் தனியாக வரவே இல்லை. தலைவர் ஒஸ்மார் அறிக்கை மொத்தத்தையும் ஒரே மூச்சில் வாக்குக்கு விட்டார். அங்கே கை தூக்கும் வழக்கம் கிடையாது.

"ஒத்துக்கறவங்க அப்படியே இருங்க."

எதிர்க்கிறவர்கள்தான் எழுந்து நிற்க வேண்டும். வால்தெனோரா மேஜையில் கையை ஊன்றினாள். டயாலிசிஸ் நாளில் வரும் பாழாய்ப்போன தசைப்பிடிப்பு தொடையைக் கவ்வியது. அவள் பாதி எழுவதற்குள் "ஏற்கப்பட்டது" என்றார் ஒஸ்மார்.

"பொறுங்க, நான் எதிர்க்கறேன்."

"வாக்கு முடிஞ்சிருச்சே, தோனா நோரா. அடுத்த மாசம் திருத்தம் குடுங்க, பதிஞ்சுக்கலாம்."

ஏகமனதாக நிறைவேறியது என்று குறிப்பு எழுதப்பட்டது. முதலிலிருந்தே நின்றுகொண்டிருந்தால் என்ன கேடு என்று வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரமே வேன் நெடுஞ்சாலையோடு நின்றுவிட்டது. எஸ்பெதிட்டோவின் மருமகன் அவரைத் தன் இடுப்போடு கயிற்றால் கட்டி, பைக்கில் இரண்டு முறை கொண்டுவந்து சேர்த்தான். பிறகு மழை பிடித்தது. வியாழன் போயிற்று, சனியும் போயிற்று. வேன் டிரைவரிடம் அவள் கெஞ்சிப் பார்த்தாள். மேலிடத்து உத்தரவு என்று அவன் கையை விரித்தான். சனிக்கிழமை சாயங்காலம் எஸ்பெதிட்டோவே போனில் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"மழை விட்டா செவ்வாய்க்கிழமை வந்துருவேன். என் சீட்டுல எவனையும் உட்கார விடாத."

திங்கட்கிழமை நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். ஆம்புலன்சும் அதே சேற்றில்தான் மாட்டிக்கொண்டது.

மே மாதக் கூட்டத்துக்கு அவள் திருத்தத்தை எழுதி எடுத்துப் போனாள். அதைக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். முதலில் இரங்கல். எஸ்பெதிட்டோவின் பேரைக் காகிதத்தைப் பார்த்து வாசித்த ஒஸ்மார், ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்றார்.

பதினொரு நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. எழுந்து நிற்க அவர்களுக்கு எவ்வளவு சொற்ப நேரம் ஆகிறது என்று வால்தெனோரா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எழவில்லை.

"தோனா நோரா, எந்திரிங்க," என்று செயலாளர் பெண் காதோடு சொன்னாள்.

"போன மாசம் நான் எந்திரிக்கற வரைக்கும் நீங்க யாரும் காத்திருக்கல. இன்னிக்கு எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்தார்கள், காப்பி வந்தது. திருத்தத்துக்கு நேரமில்லாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு அவள் போனுக்கு வந்தது. உறுப்பினர் பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள் என்று அதில் இருந்தது.