தர்பூசணி வண்டியும் வாய்ப்புச் செலவும்

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறவர்கள் இலக்கியத்துக்கு வெளியே ஏதாவது ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து வகுப்பில் பேச வேண்டும். செங்கல்பட்டுக் கல்லூரி நூலகத்தில் நான் எடுத்தது ஒரு பொருளாதாரப் புத்தகம். கணக்கு வராதவர்களுக்காக எழுதி, எல்லா ஊர்களிலும் விற்றுத் தீர்ந்து, தமிழுக்கும் வந்திருந்தது. மெலிதாக இருந்தது என்பதைத் தவிர அதை எடுக்க எனக்கு வேறு காரணம் இல்லை.

ஊருக்குப் போகும் பேருந்தில் படிக்க ஆரம்பித்தேன். தமிழ் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பொருளுக்குப் போகும் முன் சொல்லிலேயே நின்றுவிடுவோம். வாங்குகிறவர்களின் விருப்பத்தை அந்தப் புத்தகம் ‘தேவை’ என்றது. எங்கள் பக்கத்தில் அதற்குக் கிராக்கி என்று பெயர். வாங்க வருகிற ஆளுக்கும் கிராக்கி என்றுதான் பெயர். ஆளையும் அவர் ஆசையையும் ஒரே சொல்லில் பிடித்துவிட்ட எங்கள் ஊர்க்காரர்களை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த அத்தியாயத்தில் ‘வாய்ப்புச் செலவு’ வந்தது. இலக்கண வகுப்பில் செய்வதுபோல் அந்தச் சொற்றொகையை விரித்துப் பார்த்தேன். வாய்ப்புக்கு ஆகும் செலவா, வாய்ப்பே செலவாகிவிடுவதா? பழைய பாடல்களில் செலவு என்றால் பயணம். அப்படிப் பார்த்தால், ஒரு வாய்ப்பு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போவது என்றாகிறது. புத்தகம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விட்டுவிடுகிறோமோ அதுவே அதற்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை. பேருந்து திருப்போரூரில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அத்தையின் நினைவு வந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. திருப்போரூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் ஊர். அந்தக் கோடையில் அப்பா போட்டிருந்த தர்பூசணி காய்த்துத் தள்ளியது. எல்லோருடைய நிலத்திலும் அப்படியே காய்த்துத் தள்ளியதுதான் கேடாகப் போயிற்று. வருஷா வருஷம் லாரியோடு வருகிற வியாபாரி போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். பறிக்கும் கூலிக்குக்கூடத் தேறாது என்று தெரிந்ததும் அப்பா, மாட்டை விட்டு மேய்த்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டு, வயலுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

அத்தை அப்பாவின் தங்கை. பி.காம். முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள். கேளம்பாக்கத்தில் ஒரு கடையில் வேலை கிடைத்தபோது, கல்யாணம் ஆனபிறகு புகுந்த வீட்டில் கேட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்லி, வீட்டில் அனுப்ப மறுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணமும் நெருங்கி வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு, அரசாங்க வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

சனிக்கிழமை சாப்பாட்டின்போது, சித்தப்பாவின் குட்டியானையில் காயை ஏற்றி மாமல்லபுரம் கொண்டுபோய் விற்கலாம் என்று அத்தை சொன்னாள். சித்தப்பா அந்தச் சின்ன லோடு வண்டியை அப்போதுதான் வாங்கியிருந்தார். எங்கே போகச் சொன்னாலும் போவார். அப்பாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“நம்ம வூட்டுப் பொண்ணு ரோட்டோரம் நின்னு கூவறதா?”

“நான் எதுக்குண்ணா கூவறேன்? கூவறதுக்குத்தான் இவள இட்டுகினு போறேன்” என்று அத்தை என்னைக் காட்டினாள். “மத்தியானத்துக்குள்ள வந்துர்றோம். மாடு துன்றதுக்கு பதிலா மனுசன் துன்னட்டுமே.”

வாசலில் உட்கார்ந்து சத்தம்போட்டு மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற என் தொண்டைக்கு அதுவரை அடிதான் பரிசாகக் கிடைத்திருந்தது. அன்று முதல்முறையாக ஒரு பதவி கிடைத்தது.

விடிந்ததும் கிளம்பினோம். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது, அங்கே ஏற்கெனவே வரிசையாகத் தர்பூசணித் தள்ளுவண்டிகள். தலையில் துண்டைக் கட்டிய ஓர் அம்மாள் கத்தியும் கையுமாக வந்து, எங்கிருந்தோ வந்து தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகச் சத்தம் போட்டார். அத்தை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். நான் தொண்டை கிழியக் கூவினேன். பஸ்ஸிலும் வேனிலும் வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே தவிர யாரும் வாங்கவில்லை. ஒருவர் மட்டும் ஒரு காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைச் சுமந்துகொண்டு எப்படிக் கோயில் பார்ப்பது என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார்.

வெயில் உச்சிக்கு வந்தது. தார்ப்பாய்க்குக் கீழே காய்கள் சுடத் தொடங்கின. சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பலாம் என்றார். அத்தை அந்தச் சுமக்க முடியாத ஆள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்கல்லாம் சாய்ந்தரம் எந்த ரோட்ல திரும்புவாங்க?” என்று கேட்டாள்.

ஞாயிறு மாலையில் சென்னைக்குத் திரும்பும் கார்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நிற்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தாகம், குழந்தைகளுக்கு அழுகை, இறங்கிப் போகவும் வழியில்லை. அவர்களுக்கு முழுக்காய் எதற்கு, வெட்டிய பத்தை போதும். ஆனால் கார்கள் திரும்புவது நாலு மணிக்கு மேல்தான். பெண் பார்க்க வருகிறவர்களும் நாலு மணிக்குத்தான் வருகிறார்கள். சித்தப்பா இதை இரண்டு முறை எடுத்துச் சொன்னார். அத்தை, “தெரியும், வண்டிய எடு” என்றாள்.

போகும்போது, காலையில் சத்தம்போட்ட அம்மாளின் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எங்களிடம் காய் இருக்கிறது, வெட்டத் தெரிந்த கை இல்லை, வருகிறதில் பாதிப் பாதி என்றாள். அந்த அம்மாள் அத்தையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் தள்ளுவண்டியை மகனிடம் விட்டுவிட்டு, கத்தியோடும் ஐஸ் பெட்டியோடும் ஏறிக்கொண்டார்.

ஊரைத் தாண்டி, சாலை குறுகுகிற ஓர் இடத்தில் மரத்தடியில் நின்றோம். முதலில் ஒன்றிரண்டு கார்கள் விர்ரென்று போயின. பிறகு ஒரு கார் நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எதுவும் நகரவில்லை. அந்த அம்மாள் ஒரு காயை இரண்டாகப் பிளந்து வெயிலில் நிமிர்த்தி வைத்தார். அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கே எச்சில் ஊறியது. நான் ஆரம்பித்தேன்.

“எங்க கொல்லையில காச்ச தர்பூஸ், ஐஸ் தர்பூஸ்!”

ஒரு கண்ணாடி இறங்கியது. உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தை பத்தையைக் கடித்ததும் நிறுத்தியது. பக்கத்துக் காரில் அதைப் பார்த்தார்கள். அதன்பிறகு கண்ணாடிகள் தாமாக இறங்கின. அத்தை கார்களுக்கு நடுவே ஓடினாள். நல்ல புடவை கெட்டுவிடும் என்று கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். கேட்கிற வேகத்துக்கு வெட்டி அந்த அம்மாளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு வேன் முழுக்கக் கல்லூரிப் பையன்கள் வந்து, பத்தை வேண்டாம், காயாகவே கொடுங்கள் என்று வாங்கி மடியில் வைத்து உடைத்துத் தின்றார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விதையை எங்கே துப்புவது என்று சைகையில் கேட்க, நான் செய்து காட்டினேன்.

நடுவில் சித்தப்பாவின் போன் அடித்தது. அம்மா. வந்துவிட்டார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள் போல. அத்தை வாங்கிக் காதில் வைத்தாள்.

“அண்ணி, செம டிராபிக். வண்டி ஒரு அடி நகரல” என்றாள்.

அதில் பொய் எதுவும் இல்லை என்பதால் நான் பேசாமல் இருந்தேன்.

எங்கள் வண்டி காலியானபோது கார்களின் வரிசை இன்னும் முடிந்திருக்கவில்லை. காய் இல்லை என்று கையை விரித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். காலையில் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் அவர்களில் இருந்திருக்கலாம். நான் காலி வண்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு, தீர்ந்துவிட்டது, தீர்ந்துவிட்டது என்று அதையும் கூவினேன். துண்டு கட்டிய அம்மாள் அத்தையின் கன்னத்தைப் பிசுபிசுத்த கையால் தடவி, “அடுத்த ஞாயித்துக்கெழமயும் வந்துரு கண்ணு” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். தாம்பரத்துக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். பெண் எங்கே போயிருக்கிறாள் என்பது தெரிந்துபோய், பெண்ணைக் கடைத்தெருவில் காய் விற்க அனுப்பும் வீடு தங்களுக்குச் சரிப்படாது என்று வாசலில் நின்றே சொன்னார்களாம். அப்பா தெருவில் நின்றிருந்தார். நேராக வண்டியின் பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். ஒரு காய் இல்லை.

“எல்லாம் போச்சா?” என்றார்.

“எல்லாம் போச்சிண்ணா” என்றாள் அத்தை.

போச்சு என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள் என்பதை அன்று அப்பாவின் முகத்தில் பார்த்திருக்க வேண்டும். கோபத்தில் தொடங்கி வேறு எங்கோ போய் முடிந்தது அந்த முகம். மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவரே காய் ஏற்றிக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்குத் தோல்தான் கிடைத்தது.

அத்தை இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் அலுவலகங்களுக்குப் பழம் வெட்டிக் கொடுக்கிறாள். அவள் பெயர் எழுதிய வண்டிகள் கேளம்பாக்கத்தில் நிற்கின்றன. நடுவில் தனக்குப் பிடித்த ஒருவரைத் தானே பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டாள். அந்தப் புத்தகத்தின்படி, அன்றைய தர்பூசணிக்கு அவள் கொடுத்த உண்மையான விலை ஒரு தாம்பரத்து மாப்பிள்ளை. கணக்கு சரிதான். விலை கொடுத்தவள் சந்தோஷமாகக் கொடுத்தாளா என்று மட்டும் அந்த அத்தியாயத்தில் கேட்கவில்லை.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இரவு பெரியவர்கள் கூடத்தில் துக்கம் விசாரிப்பதுபோல் உட்கார்ந்திருந்தபோது, அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். விருந்தாளிகளுக்காகச் செய்த கேசரி பாத்திரத்தோடு அப்படியே இருந்தது. தரையில் உட்கார்ந்து இருவரும் பாத்திரத்திலிருந்தே எடுத்துத் தின்றோம். அத்தை தின்பதும், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தின்பதுமாக இருந்தாள்.

கேசரி அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.