வம்சாவளிப் பக்கம்

பிரியந்தன் மேல் அவனைத் தெரிந்தவர்களுக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான். நல்லவன், ஆனால் அறுப்பான். வெள்ளவத்தையில் பாதிப் பேர் கணினியில் களவாக ஏற்றிய வேர்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க, இவன் மட்டும் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை இறக்கி வைத்துக்கொண்டு, களவெடுத்த சாமானில் வேலை செய்யக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிவான். கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு சின்னக் கொம்பனியில் அவனுக்கு எழுத்து வேலை. வேர்டில் அடித்த கடிதம் இவனிடம் வந்தால் வரிகள் இடம் மாறிக் கிடக்கும். இவன் அடித்தது வேர்டுக்குப் போனாலும் அதே கூத்துதான். "கொஞ்சம் இழுத்து விட்டாச் சரி" என்பான். அந்தக் கொஞ்சத்தால் அதுவரை ஒருவருக்கும் கேடு வந்ததில்லை.

அவனுடைய அப்பா பாலசுந்தரம் இறந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். அதில் தேவாரம் இருக்கும், இரங்கல் உரைகள் இருக்கும், கடைசியில் வம்சாவளி இருக்கும். நம்முடைய சனம் தேவாரத்தையா முதலில் பார்க்கும்? நேரே வம்சாவளிக்குப் போய்த் தன் பெயரைத் தேடும். அது இருந்தால், பிறகு யாருடைய பெயர் இல்லை என்று தேடும். அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் விடுபட்டால் மறதி என்று எவரும் எடுக்கமாட்டார்கள். வேண்டுமென்று வெட்டியதாகத்தான் கதைப்பார்கள்.

பாலசுந்தரத்துக்கு ஒரே தங்கை, நேசமலர். இளவயதில் கொட்டாஞ்சேனைக் கிறிஸ்தவரான பேர்னாட்டைக் காதலித்து, வேதக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள். இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று பாலசுந்தரம் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரே ஊருக்குள் இருந்தும் இரண்டு வீட்டாரும் முகம் பார்க்கவில்லை. அண்ணனின் செத்த வீட்டுக்கு மட்டும் நேசமலர் வந்து, வாசல் பக்கமாக நின்று அழுதுவிட்டுப் போனாள்.

பிரியந்தனுக்கு அது பொறுக்கவில்லை. கொட்டாஞ்சேனைக்குத் தானே போய் அந்தியேட்டிக்குக் கூப்பிட்டான்.

"உங்கட பேரும் மாமாவின்ர பேரும் கட்டாயம் வரும், மாமி" என்றான்.

கொம்மா ஓமெண்டு சொன்னவவோ என்று அவள் கேட்டாள். ஓம் என்றான். உண்மையில் அம்மா, அது கட்டாயமோ என்றுதான் கேட்டிருந்தாள். தாய்க்கு எதிர்ப்பேச்சே பேசாத பிள்ளை அன்றைக்குக் கட்டாயம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனான்.

வம்சாவளியை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் வேர்டில் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பியிருந்தான். இங்கே திறந்தால் குடும்பமே கலைந்து கிடந்தது. சித்தி போய்ப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பிள்ளைகள் தாய் தகப்பன் இல்லாமல் மூலையில் கிடந்தார்கள். பிரியந்தன் சிரித்துச் சிரித்து ஒவ்வொருவரையும் இழுத்து அவரவர் இடத்தில் வைத்தான். நடுவில் அப்பாவின் படம். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, நேசமலர், பேர்னாட் என்று அடித்து, அப்பப்பாவிலிருந்து ஒரு கோடும் இழுத்தான். வீட்டில் பிரின்ற் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் அச்சாவாக இருந்தது.

அச்சகத்து நப்ரீஸிடம், ஒன்றும் இடம் மாறாதபடி பிடிஎஃபாகத் தரட்டா என்று கேட்கத்தான் கேட்டான். புத்தக அளவுக்குச் சுருக்க வேண்டும், வேர்டாகவே தாருங்கள் என்றார் அவர். பார்த்துச் சரிசொல்லச் சொல்லிப் பக்கங்கள் வாட்ஸ்அப்பில் வந்தன. பிரியந்தன் தேவாரத்தில் பிழை இருக்கிறதா, அப்பாவின் திகதிகள் சரியா என்று கண் வலிக்கப் பார்த்தான். வம்சாவளியைத் தன் கையாலேயே சரிப்படுத்தியதால் அதை மேலோட்டமாகத் தள்ளிவிட்டான். அவன் செய்த பிழை அவ்வளவுதான்.

அந்தியேட்டியன்று மண்டபத்தில் சாப்பாடு முடிந்து சனம் கிளம்பும்போது மலரைக் கொடுத்தார்கள். நேசமலர் வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பக்கத்தில் பேர்னாட் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடி எடுப்பதற்குள் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அவள் முகத்தைக் கண்டு பயந்து பிரியந்தனும் திறந்து பார்த்தான். அப்பப்பாவிலிருந்து மாமிக்கென்று இழுத்த கோடு அப்பாவின் படத்து ஓரம் வரைக்கும் வந்து, அப்படியே நின்றது. கட்டத்தைக் காணவில்லை. யாரோ பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் கோட்டை அழிக்க மறந்ததுபோல இருந்தது. பின்கட்டுக்கு ஓடிப்போய் நப்ரீஸுக்கு அழைத்தான். அவர் அதே ஃபைலைத் திறந்து, படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டு, பெயர் அதற்குப் பின்னால்தான் கிடக்கிறது என்று சொல்லி வருத்தப்பட்டார்.

அப்பாவின் படங்களைத் திரையில் காட்டக் கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் வந்தான். அவனுடைய திரையில் கட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. நேசமலர், பேர்னாட்.

அவள் அதைக் கிட்டக் குனிந்து வடிவாகப் பார்த்தாள்.

"இதை இப்ப போட்டனியோ?"

"இல்லை மாமி, முந்தியே போட்டனான். பிரஸ்ஸில வேர்டில திறக்கேக்க, கட்டம் இடம் மாறிப் படத்துக்குப் பின்னால போயிட்டுது. என்னட்ட இருக்கிறது வேற மென்பொருள். அதுவும் இதுவும்…"

சொல்லச் சொல்ல அது பொய் போலவே கேட்டது. அவன் காதுக்கே அப்படித்தான் கேட்டது. வேறு அடித்துத் தாறன் மாமி என்றான்.

"ஆருக்குக் குடுக்கப் போறாய்? எல்லாரும் கொண்டு போயிட்டினம்."

வாசலில் சனம் மலரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டோவுக்குக் கை காட்டியது. இரண்டு பெண்கள் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவனுடைய அம்மா தூரத்தில் எல்லாவற்றையும் கவனித்தபடி இருந்தாள். கிட்ட வரவில்லை.

"உன்ர கொப்பர் என்னை வேண்டாமெண்டு முகத்துக்கு நேர சொன்னவர்" என்றாள் நேசமலர். "நீ கம்ப்யூட்டரில பழியைப் போடுறாய்."

பேர்னாட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள். பிரியந்தன் பின்னால் போகவில்லை. பெயரை வேண்டுமென்று வெட்டியிருந்தால் காலில் விழுந்து மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். வெட்டாததற்கு என்னவென்று கேட்பது?